ஜன்னல் சீட்டுக் கேள்விக்குப் பதில், ஓவர்

உன் மருமகள் நேற்று எரியோட்டிலிருந்து வந்திருந்தாள். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய், அதற்கு அடியில் துணிப்பையில் சுருட்டிவைத்த உன் வாக்கி-டாக்கி. "அத்தை போனதுலருந்து இது பீரோவுலயே கெடக்கு. லைசன்ஸ் இல்லாதவங்க வச்சிருக்கக் கூடாதாம்ல. நீங்களே வச்சுக்கங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் பஸ் பிடிக்க ஓடிவிட்டாள். பேசுகிற பக்கத்து ஓட்டைகளை மூக்கருகே கொண்டுபோனேன். தைல வாசம். தலைவலி இருக்கிறதோ இல்லையோ, நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டுதான் நீ எந்த வேலையையும் தொடங்குவாய். ஏரியலின் அடியில் நீ சுற்றிய மில் நூலும் அப்படியே இருக்கிறது. உன்னுது என்னுது ரெண்டு பெட்டியும் ஒண்ணுபோல இருக்கு, மாறிப்போயிரும் என்று வாங்கிய அன்றைக்கே சுற்றியது.

சார்ஜில் போட்டேன். விளக்கு எரிந்தது. அழுகை வரும் என்றுதான் நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. "இப்பவாச்சும் சார்ஜ் போடணும்னு தோணுச்சே, மகராசி" என்று நீ சொல்வது அப்படியே காதில் விழுந்தது.

உனக்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ போனதிலிருந்து என்னை உறுத்திக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். கடைசியாக நாம் ரேடியோவில் பேசிய அன்றைக்கு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். கேட்டுவிட்டு 'ஓவர்' என்றாய். ஓவர் என்றால் நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி உன் முறை என்று பொருள். என் முறை வந்து நான் பட்டனை அமுக்கியபோது என் பெட்டியின் பேட்டரி செத்துப்போனது. உன்னோடு பேசத் தொடங்கி முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட எனக்கு வாய் ஓய்ந்ததில்லை, ஓயக்கூடாத அன்றைக்கு ஓய்ந்தது.

நாம் எப்படிப் பேசுகிறவர்கள் என்று நமக்குத்தான் தெரியும். வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லில், கோன் சுற்றுகிற பகுதியில், பக்கத்துப் பக்கத்து மெஷின். அங்கே காது கிழிகிற சத்தம். ஒன்று, காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். இல்லாவிட்டால் கையால் பேச வேண்டும். நெஞ்சில் தட்டினால் 'எல்லாம் நல்லது', காதைப் பிடித்தால் 'சூப்பர்வைசர் வாரார்', வயிற்றில் தட்டினால் 'சாப்பிடப் போவோமா'. வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் அடக்கிவைத்ததெல்லாம் கொட்டும். நீ ஒரு பக்கம் பேசுவாய், நான் ஒரு பக்கம் பேசுவேன், இரண்டு பேரும் ஒரே நேரத்தில். "எங்களுக்குப் பேசுறதும் கேக்குறதும் ஒண்ணா நடக்கும்" என்று நீ பெருமையாக வேறு சொல்வாய். பேசியது உண்மை, கேட்டதுதான் சந்தேகம்.

வேலையிலிருந்து நின்ற பிறகு நீ உன் முருங்கைத் தோட்டத்துக்குள் போய்விட்டாய், நான் திண்டுக்கல்லில் நாலு சுவருக்குள் அடைந்துகொண்டேன். உன் தோட்டத்தில் செல்போனில் சிக்னல் ஒரு புள்ளிகூட எடுக்காது. அப்போதுதான் எங்கேயோ ஒரு நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்து நின்றாய். ஹாம் ரேடியோ பயிற்சி, யார் வேண்டுமானாலும் வரலாம். "மலை மேல ஒரு பெட்டி இருக்காம்டி. நம்ம பேசுறதப் பிடிச்சு அது திருப்பி எல்லா ஊருக்கும் அனுப்புமாம். தோட்டத்துல நின்னே உங்கிட்ட பேசலாம்" என்றாய். பரீட்சை எழுத வேண்டும் என்பதை மட்டும் பணம் கட்டிய பிறகுதான் சொன்னாய். ஓம் விதியும் மின்தடையும் இந்த மண்டையில் ஏறிய கதையை எழுதினால் அது தனி மடலாகிவிடும். இரண்டு பேரும் பாஸ் ஆனோம். எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

லைசன்ஸ் வந்தது, பெட்டி வந்தது. மின்சாரத்தைக் கற்றதைவிட மரியாதையைக் கற்பதுதான் பெரும்பாடாகப் போயிற்று. தினமும் காலையில் ரிப்பீட்டர் என்கிற அந்த மலைப் பெட்டி வழியாகக் கூடுகிற குழுவை நடத்துகிறவர் செம்பட்டியில் டயர் கடை வைத்திருக்கிற தம்பி. என் மகளைவிட வயதில் சிறியவர். முதல் நாளே சொல்லிவிட்டார். "அம்மா, இங்க அரசியல் பேசக் கூடாது, மதம் பேசக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது." நீ பட்டனை அமுக்கி, "அப்புறம் பேசுறதுக்கு என்ன தம்பி மிச்சம் இருக்கு?" என்றாய். மறுநாளே முருங்கைக்காய் என்ன விலைக்குப் போகிறது என்று அலைவரிசையில் அறிவித்தாய். தம்பி பதறிப்போய் நிறுத்தினார். "சரி தம்பி, விலையச் சொல்லல. மரம் நல்லாக் காய்ச்சிருக்கு. அதச் சொல்லலாமா?" என்று கேட்டாய். அவர் செத்த நேரம் யோசித்துவிட்டு, "அது சொல்லலாம்மா" என்றார்.

அந்த ஆட்களின் வழக்கமே வேறு. பெண் என்றால் எந்த வயதானாலும் 'யங் லேடி', ஆண் என்றால் மீசை முளைக்காவிட்டாலும் 'ஓல்ட் மேன்'. டயர்கடைத் தம்பியைக் கிழவர் என்றும் நம்மை இளம்பெண்கள் என்றும் ஊரறிய அழைத்தார்கள். உனக்கு அதில் ஒரே குளிர்ச்சி. "இம்புட்டு வருசம் கழிச்சு ஒரு எடத்துலயாச்சும் சரியாச் சொல்றாய்ங்க" என்றாய்.

என் முதல் நாள் கூத்து உனக்கு மறந்திருக்காது. தம்பி என்னிடம், "என் குரல் எப்படி வருது, தெளிவாக் கேக்குதா?" என்று கேட்டார். நான் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினேன். எல்லாம் நல்லது என்று. தட்டிவிட்டுப் பட்டனை விட்டேன். எதிரே ஒரு சத்தமும் இல்லை. தம்பி மறுபடி கேட்டார், நான் மறுபடி தட்டினேன், இந்தத் தடவை பல்லைக் காட்டிச் சிரிக்கவும் செய்தேன். "சிக்னல் வருது, குரல் வரலையே, மைக்குல ஏதோ கோளாறு" என்று ஆளாளுக்கு ஆராய்ச்சியில் இறங்கினார்கள். அப்போது எரியோட்டுத் தோட்டத்திலிருந்து உன் குரல் வந்தது. "மைக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. அவ நெஞ்சத் தட்டிக்கிட்டு நிப்பா. ஏடி மேரி, வாயத் தொறந்து சொல்லு." என் கை அப்போதும் நெஞ்சின் மேல்தான் இருந்தது. அத்தனை மைல் தள்ளி நின்று என்னைப் பார்த்தவள் நீ.

நீ மட்டும் என்ன குறைச்சலா? பேச்சை முடிக்கும்போது 'எழுபத்து மூன்று' என்று சொல்லி விடைபெறுவது அவர்கள் வழக்கம். வாழ்த்துகள் என்பதற்கு உலகம் முழுக்க அதுதான் எண். உனக்கு அது பிடிக்கவே இல்லை. மனதார வாழ்த்துகிறவர்கள் இப்படி அரையும் குறையுமாகவா வாழ்த்துவார்கள் என்று என்னிடம் பொருமினாய். ஒரு நாள் காலை, முடிக்கிற நேரத்தில், "எல்லாருக்கும் எங்க வீட்டு சார்புல நூத்தியொண்ணு" என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். பிறகு தம்பி, "அம்மா, அது உலக வழக்கம், மாத்தக் கூடாது" என்றார். "மொய் வைக்கிறப்ப ஒத்த ரூவா சேத்து வைக்கிறதில்லையா? வாழ்த்துன்னா முழுசா, ஒண்ணு கூடத்தான் இருக்கணும்" என்றாய். உலக வழக்கம் தோற்றது. அதற்குப் பிறகு அந்தக் குழுவில் உனக்கு மட்டும் எல்லாரும் நூத்தியொண்ணு சொல்லித்தான் விடைகொடுத்தார்கள்.

நம்முடைய பெரிய சிக்கல் வேறு. அந்தப் பெட்டியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் ஒன்றாக அமுக்கினால் இரண்டு பேர் பேச்சும் போய்விடும், கேட்கிறவர்களுக்குக் கோழிச் சண்டைதான் மிஞ்சும். நாம் முதல் தடவையாகத் தனியாகப் பேசத் தொடங்கியபோது நடந்தது அதுதான். நான் என் மகள் வீட்டு வளைகாப்பை முழுசாகச் சொன்னேன். அதே நேரத்தில் நீ உன் கிணற்று மோட்டார் எரிந்த கதையை முழுசாகச் சொன்னாய். இரண்டு பேரும் திருப்தியாக முடித்தோம். மலை மேலிருந்த ரிப்பீட்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நடுவிலேயே தானாக அடங்கிவிட்டதாம். தம்பிதான் குறுக்கே வந்து சொன்னார். "அம்மா, ரெண்டு பேரும் பேசுனீங்க, ஒருத்தரும் கேக்கல. ஒருத்தர் ஓவர் சொன்னதும், அடுத்தவங்க ஒரு மூச்சு விட்டுட்டு அப்புறம் அமுக்குங்க. நடுவுல வேற யாராச்சும் அவசரமா வரணும்னா அந்த எடத்துலதான் வருவாங்க."

ஒரு மூச்சு. அதைவிடக் கஷ்டமான பயிற்சி எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. நீ பேசி முடிப்பதற்குள் எனக்குச் சொல்ல நாலு விஷயம் முட்டிக்கொண்டு நிற்கும். பட்டனின் மேல் கட்டைவிரல் துடிக்கும். ஆனால் ஒன்று நடந்தது. குறுக்கே விழ வழியில்லாததால் உன் பேச்சைக் கடைசிவரை கேட்க ஆரம்பித்தேன். நீ ஒரு கதையைச் சொல்லி முடிக்கும்போது எப்படி முடிப்பாய் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. எல்லாக் கதையையும் பாதியில் நான் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். நீயும் என் கதைகளை அப்படித்தான் செய்திருக்கிறாய்.

இன்னொன்றும் அவர் சொல்லிக்கொடுத்தார். எதற்கெடுத்தாலும் நான் 'ரோஜர், ரோஜர்' என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். "ரோஜர்னா நீங்க சொல்றது சரின்னு அர்த்தமில்லம்மா. நீங்க சொன்னது முழுசாக் கேட்டுச்சுன்னு மட்டுந்தான் அர்த்தம். பாதிதான் கேட்டுச்சுன்னா ரோஜர் சொல்லக் கூடாது, திருப்பிச் சொல்லச் சொல்லணும்" என்றார். அப்போது அதை ஏதோ ஒரு விதி என்று மனதில் போட்டுவைத்தேன். அதன் அருமை தெரிந்தது நீ மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள்.

காலைக் கூட்டம் முடிந்து நீயும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். முருங்கைப் பூ, மருமகள் சோற்றுக்கு வைத்த வெஞ்சனம், எல்லாம் பேசினாய். பிறகு உன் குரல் மாறியது.

"மேரி, எல்லாரும் கேப்பாங்கன்னு தெரியும். கேட்டா கேக்கட்டும். நெஞ்சுல வால்வு போயிருச்சாம், ஆபரேசன் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்குப் பயமா இருக்கு. வீட்டுல யார்கிட்டயும் இதச் சொல்ல முடியல. வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுங்கிறாங்க. நீயும் அதத்தான் சொல்லுவ. ஆனா இப்ப உன்னால சொல்ல முடியாது. பட்டன் என் கையில இருக்கு. அதனால கேளு. மயக்க மருந்து குடுத்து நான் எந்திரிக்கலைன்னா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. எனக்குப் பயமா இருக்குன்னு ஒருத்தர் முழுசாக் கேட்டாப் போதும். ஓவர்."

நீ சொன்னது சரி. 'ஒண்ணும் ஆகாதுடி கிறுக்கி' என்பது என் தொண்டைவரை வந்து நின்றது. நேரில் என்றால் நீ 'பயமா' என்று தொடங்கும்போதே சொல்லியிருப்பேன். ஒரு மூச்சு விட்டேன். அந்த இடைவெளியில் யாரும் வரவில்லை. எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்களோ, ஒருவரும் பட்டனைத் தொடவில்லை. நான் அமுக்கினேன். "ரோஜர். நீ சொன்னது முழுசாக் கேட்டுச்சு. உனக்குப் பயமா இருக்கு. நானும் ஆஸ்பத்திரிக்கு வாரேன், நீ எந்திரிக்கிற வரைக்கும் அங்கதான் இருப்பேன். ஓவர்." அந்தப் பக்கம் நீ அழுததை நான் கேட்கவில்லை, நீ பட்டனை அமுக்காமல்தான் அழுதிருக்கிறாய். கொஞ்சம் கழித்து, "ரோஜர்" என்று ஒரு சொல் மட்டும் வந்தது. அன்றைக்கு மாலை நான்கூட அழுதேன். மறுநாள் தம்பி வேறு எதையும் கேட்கவில்லை. வழக்கம்போல் உன்னை அழைத்தார், நூத்தியொண்ணு சொன்னார், அவ்வளவுதான். அந்த மரியாதை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை.

ஆபரேசன் முடிந்து நல்லபடியாக எழுந்துவிட்டாய். கண்ணைத் திறந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "பெட்டிய சார்ஜ்ல போட்டியா?" என்பதுதான். அதற்குப் பிறகு இரண்டு முருங்கைப் பருவம் என்னோடு பேசிக்கொண்டிருந்தாய். நாம் ஒழுங்காகப் பேசிக்கொண்ட காலம் அதுதான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு நீ நல்ல குஷியில் இருந்தாய். "ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருக்கேன். மில் பஸ்ல திண்டுக்கல்லுல மொத ஆளா ஏறுறவ நீ. எரியோட்டுல நான் ஏறுனதும் நகந்து, ஜன்னல் சீட்ட எனக்கு விட்டுருவ. திரும்பி வாரப்பவும் அப்படித்தான். மொதல்ல எறங்குறவ நான், உன் காலத் தாண்டித்தான் எறங்கணும். அம்புட்டு வருசமும் ஜன்னல எனக்கே குடுத்த. உனக்குத்தான பஸ்ஸுல வாந்தி வரும். ஏன் குடுத்த? சும்மா ஒளறாம, யோசிச்சு முழுசாச் சொல்லு. ஓவர்."

ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பட்டனை அமுக்கினேன். பெட்டி ஒரு கீச்சுக் கீச்சிட்டு அணைந்தது. வீட்டுப் போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் நீ நடுவில் விழுவாய், நான் அதற்கு ஒன்று சொல்வேன், கதை எங்கேயோ போய்விடும். முழுசாகச் சொல் என்று கேட்டிருக்கிறாய், நாளைக் காலை ரேடியோவிலேயே சொல்வோம் என்று வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை தம்பி உன்னை அழைத்தபோது நீ வரவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாய் என்று உன் மகன் எனக்குப் போன் செய்தான்.

ரேடியோக்காரர்கள் போய்ச் சேர்ந்தவரை 'சைலன்ட் கீ' என்கிறார்கள், சத்தம் அடங்கிப்போன தந்திக் கட்டை என்று. உன்னைப் போய் அடங்கியவள் என்று தம்பி அறிவித்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முடிக்கும்போது அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக நூத்தியொண்ணு சொன்னார்கள். நான் மட்டும் சொல்லவில்லை. அது பேச்சை முடிக்கிறவர்கள் சொல்வது. எனக்கு இன்னும் என் முறை பாக்கி இருந்தது.

பதில் சொல்ல ஆளில்லாத நிலையத்தை அலைவரிசையில் அழைத்துக்கொண்டிருப்பது ஒழுங்கில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இப்போதும் யார் பேசினாலும் கடைசிவரை கேட்டு, ஒரு மூச்சு விட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். போன வாரம் மகள் போனில் ஏதோ சொல்லி முடித்து, "அம்மா, லைன் கட்டாயிருச்சா?" என்று பயந்துவிட்டாள். "இல்லடி, முழுசாக் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன். அந்தப் பக்கமும் ஒரு மூச்சுக்குச் சத்தம் இல்லை. பிறகு, அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள்.

யோசித்துவிட்டேன். முழுசாகச் சொல்கிறேன்.

ஜன்னலை உனக்கு விட்டது பாசத்தினால் என்று நினைத்திருப்பாய். பாசமும் இல்லை, ஒன்றும் இல்லை. வேலை முடிந்து வரும்போது, முதல் கொஞ்ச தூரம் பேசிக் கொட்டி முடித்ததும், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து நீ தூங்கிவிடுவாய். அதற்குப் பிறகு பஸ் ஊர் ஊராகச் சுற்றி எரியோட்டுக்கு வந்து சேரும்வரை தூக்கம்தான். அந்த நேரத்தில் மட்டும்தான் உன் குறுக்குப் பேச்சு இல்லாமல் உன்னிடம் நான் பேச முடிந்தது. அதனால்தான் ஜன்னல். மாமியார் சண்டையிலிருந்து மகள் படிப்புவரை எல்லாவற்றையும் உன் தூங்குகிற முகத்திடம் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் இறந்த வருடம், வீட்டில் மகள் முன்னால் அழ முடியாமல், தினமும் அந்த பஸ்ஸில் உன் பக்கம் திரும்பிக்கொண்டுதான் அழுதேன். எனக்குப் பயமா இருக்கு, பயமா இருக்கு என்று உன்னிடம்தான் சொன்னேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். ஒண்ணும் ஆகாது என்று ஒரு நாள்கூடச் சொல்லவில்லை.

ஒரே ஒரு தடவை, எரியோட்டில் நான் எழுப்புவதற்கு முன்பே நீ கண்ணைத் திறந்தாய். என் காலைத் தாண்டும்போது உன் தைல டப்பாவை என் கையில் வைத்து மூடிவிட்டு, ஒன்றும் பேசாமல் இறங்கிப்போனாய். நீ ஒன்றும் பேசாமல் இறங்கிய நாள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அன்றைக்குத் தலைவலிக்குத்தான் கொடுத்தாய் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று இந்தப் பெட்டியை முகர்ந்தபோதுதான் எனக்கு வேறு மாதிரி தோன்றியது.

என் பதில் முடிந்தது. இப்போது என் கேள்வி. அத்தனை வருடமும் அந்த ஜன்னலில் நீ நிஜமாகவே தூங்கினாயா?

ஓவர்.